அங்கன்வாடிக்கும் தடுப்பூசி நாளுக்கும் ஊராட்சி மானியம் பெறும் வழி

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பவர்கள் சாலை, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் என்ற தலைப்புகளைக் காண்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல்நலம் என்றொரு தலைப்பு அங்கே இருப்பது அரிது. அதை வைத்து, குழந்தைகளுக்குச் செலவிட ஊராட்சியிடம் பணமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பணம் வேறு பெயர்களில் இருக்கிறது. சிறு குழந்தைகளை அடிக்கடி படுக்கையில் தள்ளும் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் தண்ணீரிலிருந்தும் மலத்திலிருந்தும்தான் வருகின்றன. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கப்பட்ட மானியமோ 2025-26 வரை ஊராட்சிக்கு வந்த மத்திய நிதிக்குழு மானியத்தில் பாதிக்கும் மேல் இருந்தது. அந்தப் பணத்தை அங்கன்வாடி வாசல் வரை கொண்டுவர வேண்டுமானால், சரியான தலைப்பில், சரியான மாதத்தில், அளவும் இடமும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கானது. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளை மனத்தில் கொண்டு, பெற்றோர், வார்டு உறுப்பினர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

எந்தப் பணம், எந்தப் பெயரில்

முதலில் நிதிக்குழு மானியம். 15ஆவது மத்திய நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. இதில் 60 விழுக்காடு நிபந்தனைக்கு உட்பட்டது. ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் ‘டைட்’ என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். அதில் ஒரு பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும், மறுபாதி துப்புரவுக்கும் திறந்தவெளியில் மலம் கழிக்காத நிலையைத் தக்கவைப்பதற்கும் உரியவை. மீதமுள்ள 40 விழுக்காடு ‘அன்டைட்’, அதாவது உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடத்தக்கது. அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் எதற்கும் அதைப் பயன்படுத்தலாம். ஊதியத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் பயன்படுத்த முடியாது. அந்த அட்டவணையின் 23ஆவது பொருள் ஆரம்ப சுகாதார நிலையங்களை உள்ளிட்ட சுகாதாரம், 24ஆவது குடும்ப நலம், 25ஆவது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. அங்கன்வாடிக்குச் செலவு செய்ய ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால், இந்த மூன்று எண்களை எடுத்துச் சொன்னால் போதும்.

மேற்சொன்ன விகிதங்கள் 15ஆவது நிதிக்குழுவின் காலத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் முதல் 16ஆவது நிதிக்குழுவின் காலம் தொடங்குவதால், நடப்பு ஆண்டில் உங்கள் ஊராட்சிக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கீடு என்பதை ஊராட்சிச் செயலரிடமோ, கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே மனு எழுத வேண்டும்.

மாநில நிதிக்குழு மானியமும் ஊராட்சியின் சொந்த வருவாயும் பொது நிதியில் சேர்கின்றன. வீட்டு வரி ஒழுங்காக வசூலாகும் ஊரில் சின்னச் சின்னப் பழுதுகளுக்கு இதுவே வேகமான வழி. ஆனால் பெரும்பாலான சிறிய ஊராட்சிகளில் குடிநீர்ப் பணியாளர் ஊதியம், மின் கட்டணம் போன்றவற்றுக்குப் பின் மிஞ்சுவது குறைவு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் அறியாத சிறு தொகை. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஒவ்வொரு கிராமச் சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி என்பது விதிமுறை. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து இயக்கும் வங்கிக் கணக்கில் அது இருக்கும். தொகை சிறிதுதான் என்றாலும், ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல் குழுவே கூடி முடிவெடுத்துச் செலவிடலாம்.

நான்காவது, உள்ளாட்சியின் பணம் அல்ல, ஆனால் அதோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் துறை வழியாக வரும் ‘சக்‌ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0’ திட்டத்தில் மையம் ஒன்றுக்குக் குடிநீர் வசதிக்கு 17,000 ரூபாயும் கழிப்பறைக்கு 36,000 ரூபாயும் விலை விகிதமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளன. முன்பு இவை முறையே 10,000, 12,000 ஆக இருந்தன. தரம் உயர்த்தத் தேர்வு செய்யப்பட்ட மையங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் உண்டு. உங்கள் மையம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். ஏற்கெனவே துறை அனுமதித்த வேலைக்கே ஊராட்சியிடமும் கேட்டால், இரட்டைச் செலவு என்று தணிக்கையில் ஆட்சேபம் வரும். அந்தப் பயத்தில் இரு தரப்புமே கையை எடுத்துக்கொள்ளும்.

15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று தனியே 70,051 கோடி ரூபாயையும் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், பரிசோதனை வசதிகள், வட்டாரப் பொதுச் சுகாதார அலகுகள் ஆகியவை அதில் அடங்கும். இது ஊராட்சித் தலைவர் பட்டியல் போட்டுச் செலவிடும் பணம் அல்ல. உங்கள் ஊரின் துணை சுகாதார நிலையம் வாடகைக் கட்டடத்திலோ இடிந்த கட்டடத்திலோ இயங்கினால், கிராம சபைத் தீர்மானத்தை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பிவைப்பதே இங்கே செய்யக்கூடியது.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மனு எழுதுவதற்கு முன், ஒரு வேலைநாள் காலையில் அங்கன்வாடி மையத்துக்குச் சென்று பணியாளரின் அனுமதியோடு அரை மணி நேரம் இருந்து பார்ப்பது நல்லது. கழிப்பறை இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் பழைய அரிசிச் சாக்கும் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் இணைப்பு இல்லாததால் அது பொருள் வைக்கும் அறையாக மாறியிருக்கும். குழாய் இருக்கும், பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருப்பதால் மூன்று வயதுக் குழந்தைக்குக் கை எட்டாது, எனவே சாப்பாட்டுக்கு முன் யாராவது ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைக்க, அந்த ஒரே வாளியில் எல்லாக் குழந்தைகளும் கை நனைப்பார்கள். பெரியவர்களுக்கான கழிப்பறைக் கோப்பையில் சிறு குழந்தை உட்காரப் பயப்படும். அதனால் கழிப்பறை இருந்தும் மையத்தின் பின்புற மண்ணே பயன்படும். மனுவில் எழுத வேண்டியவை இவைதாம். ‘மையத்தில் அடிப்படை வசதி இல்லை’ என்று பொதுவாக எழுதுவதால் எதுவும் நடக்காது. தாழ்வான குழாய், குழந்தை அளவுக் கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் மேடை, அதன் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி என்று பிரித்து எழுதினால் பொறியாளரால் மதிப்பீடு போட முடியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை மாதந்தோறும் 5, 20 ஆகிய தேதிகளில் சுத்தம் செய்வது தமிழ்நாட்டு ஊராட்சிகளில் நடைமுறை. தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதப்பட்டுள்ளதா, அங்கன்வாடிக் குழாயில் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது உள்ளதா என்பதைத் தொட்டி இயக்குபவர் தன் சோதனைக் கருவியைக் கொண்டு சில நிமிடங்களில் காட்டிவிடுவார். அந்த அளவு இல்லையென்றால் அது புதுக் கட்டுமானத்தால் தீரும் பிரச்சினை அல்ல. குளோரின் கலக்கும் முறையைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மானியம் கேட்கவே தேவையில்லை.

அடுத்து எடைபோடும் கருவிகள். கைக்குழந்தையைக் கிடத்தி நீளம் அளக்கும் பலகை, நின்று உயரம் அளக்கும் கருவி, எடைப் பொறி ஆகியவை துறையிலிருந்து வழங்கப்படுபவை. பழுதானால் துறையிடம்தான் மாற்று கேட்க வேண்டும். ஆனால் அவற்றை வைக்கச் சமமான சிமெண்டுத் தரை வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பெயர்ந்த தரையில் வைத்த எடைப் பொறி சரியான எடையைக் காட்டாது. தவறான எடை பதிவானால் மெலிந்த குழந்தை கண்ணில் படாமல் போகும். தரை சீரமைப்பு நிபந்தனையற்ற (‘அன்டைட்’) மானியத்தில் செய்யத்தக்க, செலவு குறைந்த வேலை.

தடுப்பூசி நாளையும் நேரில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கமாகப் புதன்கிழமைகளில் தடுப்பூசி போடப்படுகிறது. தாய்மார்கள் கைக்குழந்தையோடு எங்கே காத்திருக்கிறார்கள், ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க நிழல் உண்டா, செவிலியர் கை கழுவத் தண்ணீர் உண்டா என்று கவனியுங்கள். நிழற்கூரையும் விசுப்பலகையும் ஒரு ஊராட்சிக்குப் பெரிய செலவு அல்ல. ஆனால் வெயிலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அடுத்த தவணைக்கு வராமல் போகிறவர்கள் உண்டு.

பணியாளரிடம் மையத்தின் மாதாந்தரத் தொகுப்பைக் கேட்கலாம். பதிவு பெற்ற குழந்தைகள் எத்தனை பேர், வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் எத்தனை பேர், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் எத்தனை பேர், கடுமையாக மெலிந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான மெலிவு. அந்தக் குழந்தைக்கு வேண்டியது தீர்மானம் அல்ல, உடனே சுகாதார நிலையம். எந்தக் காரணம் கொண்டும் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் படிக்கக் கூடாது. ‘உன் பிள்ளைக்குச் சத்து இல்லையாமே’ என்ற ஒரு பேச்சுப் போதும், அந்தத் தாய் அடுத்த மாதம் எடை போட வராமல் இருப்பதற்கு.

கட்டடம் யாருடையது

கோரிக்கைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் அமைப்பைச் சேர்ந்தவர். கிராம சுகாதார செவிலியர் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தால் கட்டப்பட்டிருக்கலாம், நிலம் பள்ளி வளாகத்தின் பகுதியாக இருக்கலாம். எனவே மனு எழுதுவதற்கு முன் மூன்று செய்திகளை உறுதி செய்ய வேண்டும். கட்டடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் உள்ளதா, ஒன்றியத்தின் பதிவேட்டில் உள்ளதா? நிலத்தின் சர்வே எண் என்ன, அது நத்தமா, அரசுப் புறம்போக்கா, தனியார் தானமா? மையம் சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறதா, வாடகைக்கா? முதல் கேள்விக்கு ஊராட்சிச் செயலரும், இரண்டாவதற்குக் கிராம நிர்வாக அலுவலரும், மூன்றாவதற்கு அங்கன்வாடிப் பணியாளரும் பதில் தருவார்கள். வாடகைக் கட்டடத்தில் நிரந்தரக் கட்டுமானத்துக்கு மானியத்தைச் செலவிட யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்த நிலையில் முதல் கோரிக்கை நிலத்துக்கானதாகத்தான் இருக்க வேண்டும்.

புதுக் கட்டடம் தேவை என்றால் ஊராட்சியின் பணம் மட்டும் போதாது. போஷன் 2.0 திட்டத்தில் ஒரு மையத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டு, அதில் 8 லட்சம் மகாத்மா காந்தி ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்திலிருந்தும், 2 லட்சம் 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்தும், 2 லட்சம் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திலிருந்தும் என்று பங்கிட்டார்கள். 2025 டிசம்பரில் ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளதால், அந்த 8 லட்சம் இப்போது எந்தத் தலைப்பில் கிடைக்கும் என்பதை ஒன்றியத்தில் கேட்ட பிறகே அடுத்த அடியை வைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் கட்டடம் கேட்கலாம். பொதுமக்கள் பங்களிப்பு திரட்ட முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டமும் உண்டு. என் கருத்தில், புதுக் கட்டடத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பதைவிட, இருக்கும் கட்டடத்தின் கூரை ஒழுக்கையும் தண்ணீரையும் இந்த ஆண்டே சரிசெய்வது நல்லது. புதுக் கட்டடம் வரும்போது வரட்டும். இப்போது மூன்று வயதாக இருக்கும் குழந்தை அதற்குள் பள்ளிக்குப் போயிருக்கும்.

எப்போது கேட்பது

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெறாத வேலைக்கு நிதிக்குழு மானியத்தைச் செலவிட முடியாது. அடுத்த நிதியாண்டுக்கான அந்தத் திட்டத்தை, ஆண்டுதோறும் அக்டோபர் 2இல் தொடங்கி ஜனவரி 31 வரை நடக்கும் மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது தயாரிக்கிறார்கள். ஆகவே ஆண்டில் ஒரே ஒரு கிராம சபைக்குத்தான் போக முடியும் என்றால் அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. ஆகஸ்ட் 15இல் கோரிக்கையை வாய்மொழியாக எழுப்பி, செப்டம்பரில் எழுத்து மனு கொடுத்து, அக்டோபர் 2இல் தீர்மானமாக்கி, நவம்பர் 1இல் வரைவுத் திட்டத்தில் சேர்ந்துள்ளதா என்று சரிபார்ப்பது நல்ல வரிசை. மே மாதத்தில் புதிதாகக் கேட்டால், அந்த ஆண்டுக்கான திட்டம் ஏற்கெனவே இ-கிராம் ஸ்வராஜ் என்னும், ஊராட்சிகளின் திட்டமும் செலவும் பதிவாகும் இணையதளத்தில் பதிவேற்றப்பட்டிருக்கும். துணைத் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும், அது வட்டாரத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

வளர்ச்சித் திட்டத்தை ஒன்பது கருப்பொருள்களின் கீழ்ப் பிரிக்கிறார்கள். அவற்றில் நலமான கிராமம், குழந்தை நேயக் கிராமம், தண்ணீரில் தன்னிறைவு பெற்ற கிராமம் ஆகியவற்றில் உங்கள் கோரிக்கை பொருந்தும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் தன் பங்குக்கு ஒரு கோரிக்கைத் தொகுப்பைத் தயாரித்து இந்தத் திட்டத்தில் சேர்க்கத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதே கோரிக்கை கூட்டமைப்பின் தொகுப்பிலும் கிராம சபைத் தீர்மானத்திலும் இருந்தால், எளிதில் தள்ள முடியாது.

எழுத்து மனுவைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்து ஒப்புகை பெறுவது அவசியம். மாவட்ட நிர்வாகம் அனுப்பும் கூட்டப் பொருள் பட்டியல் எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கும். உங்கள் கோரிக்கை ‘தலைவர் அனுமதியுடன் கொண்டுவரப்படும் இதர பொருள்கள்’ என்ற கடைசி வரியில்தான் வரும். அந்த வரிக்கு வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். முன்கூட்டியே மனு கொடுத்திருந்தால், வளர்ச்சித் திட்டம் பற்றிய பொருளிலேயே அதைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். குறைவெண் வரம்பையும் மறக்கக் கூடாது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தாய்மார்களை அழைத்து வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

தீர்மானத்தை எழுதும் முறை

தீர்மானப் புத்தகத்தில் ‘அங்கன்வாடியைச் சீரமைக்கக் கோரப்பட்டது, ஏற்கப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது வழக்கம். அந்த வரியை வைத்து எந்த அலுவலரும் எதுவும் செய்ய முடியாது, செய்யாமல் இருப்பதற்கும் அது வசதி. கீழ்க்காணும் வாசகத்தை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

“பொருள்: ……… ஊராட்சி, ……… குக்கிராமத்தில் சர்வே எண் ………இல் அமைந்துள்ள அங்கன்வாடி மையத்துக்குக் குழாய் நீர் இணைப்பு வழங்குதலும் குழந்தைகளுக்கான கழிப்பறையைச் சீரமைத்தலும். மேற்படி மையத்தில் ……… குழந்தைகள் பதிவு பெற்றுள்ள நிலையில், கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு இல்லாததால் அது பயன்பாட்டில் இல்லை என்பதும், குழந்தைகள் கை கழுவத் தனி வசதி இல்லை என்பதும் கிராம சபையின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. எனவே (அ) தெருக்குழாய் இணைப்பிலிருந்து சுமார் ……… மீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்து மையத்துக்கு இணைப்பு தருதல், குழந்தைகளின் உயரத்துக்கேற்ற கைகழுவும் மேடை அமைத்தல் ஆகியவற்றை நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதியிலிருந்தும், (ஆ) குழந்தை அளவுக் கழிப்பறைக் கோப்பை பொருத்துதல், கதவு மாற்றுதல், உறிஞ்சுகுழி அமைத்தல் ஆகியவற்றை அதன் துப்புரவுப் பகுதியிலிருந்தும் மேற்கொள்ள, ……… ஆம் ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள இக்கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. இத்தீர்மானத்தின் நகலைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் அனுப்பவும் தீர்மானிக்கிறது.”

நீரையும் கழிப்பறையையும் (அ), (ஆ) எனப் பிரித்தது அழகுக்காக அல்ல. 15ஆவது நிதிக்குழுவின் பிரிப்பில் இரண்டும் வெவ்வேறு தலைப்புப் பணம். ஒன்றில் தொகை தீர்ந்துவிட்டாலும் மற்றதை நிறுத்த முடியாதபடி அந்தப் பிரிப்பு காக்கும். கூட்டம் முடிந்த அன்றே தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, சில நாள்களில் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை படிவம் 30இல் வைக்கப்படும்போது, நிதிக்குழு மானியத்தின் இருப்பு எவ்வளவு என்ற வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘நிதி இல்லை’ என்ற பதில் வரும் நாளில் அது உதவும்.

கேட்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கன்வாடி உதவியாளருக்குக் கூடுதல் மதிப்பூதியம், மருத்துவருக்கு வருகைப்படி, தனியார் ஆயாவின் சம்பளம் போன்றவற்றை நிதிக்குழு மானியத்தில் கேட்டால், முழு மனுவும் அந்த ஒரு வரியால் திரும்பி வரும். பணியிடம் காலியாக இருந்தால் அது தனி மனு, தனித் துறை. சத்துமாவு போன்ற இணை உணவும் துறை வழங்குவது. அதன் அளவு குறைந்தால் புகார் செய்ய வேண்டிய இடம் வேறு.

தீர்மானத்துக்குப் பின்

தீர்மானம் நிறைவேறியதும் வேலை நடந்துவிடும் என்று நினைப்பவர்களே அதிகம். அடுத்து ஒன்றியப் பொறியாளரோ பணி மேற்பார்வையாளரோ இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் கிடைக்க வேண்டும். பிறகு பணி உத்தரவு. வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிவு. அதன் பேரில்தான் ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் தொகை. மேற்பார்வையாளர் இடத்தைப் பார்க்க வரும் நாளில் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரு தாயும் அங்கே இருப்பது மிக முக்கியம். குழாயின் உயரம் எவ்வளவு, கோப்பை எந்த அளவு என்பவை மதிப்பீட்டில் எழுதப்படாவிட்டால், வழக்கமான பெரியவர் அளவுப் பொருளே வந்து பொருத்தப்படும். பொருத்திய பின் மாற்றச் சொன்னால் அது புது வேலையாகிவிடும்.

நிதிக்குழு மானியப் பணம் இப்போது காசோலையில் போவதில்லை. இ-கிராம் ஸ்வராஜ் வழியாக, உரியவர்களின் மின்னணுக் கையொப்பத்தோடு ஒப்பந்தக்காரரின் கணக்குக்கு நேரே செல்கிறது. அந்தத் தளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தையும் செலவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிப்ரவரியில் ஒருமுறை உள்ளே சென்று உங்கள் வேலை திட்டத்தில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் ஆங்கிலத்தில், சில வேளைகளில் விசித்திரமான எழுத்துக்கூட்டலோடு இருக்கும். குக்கிராமத்தின் பெயரை வைத்துத் தேடலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊராட்சிகளில் தனி அலுவலராகப் பொறுப்பு வகிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமே இவை அனைத்தையும் கொண்டுபோக வேண்டும். 2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மத்திய நிதிக்குழு மானியம் பெற, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2016க்குப் பிறகு தேர்தல் தள்ளிப்போன ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தொகை நிறுத்தி வைக்கப்பட்டதை இங்கே நினைவுகொள்ளலாம். அத்தகைய காலத்தில் மாநில நிதிக்குழு மானியத்தையும் தொகுதி மேம்பாட்டு நிதியையும் சுகாதாரக் குழுவின் சிறு நிதியையும் முதலில் நாடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

அந்தப் பத்தாயிரம் ரூபாய்

சுகாதாரக் குழுவின் நிதி பற்றி விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆண்டு முடிவில் செலவாகாமல் கிடந்தால், அடுத்த ஆண்டு முழுத் தொகை வராது. செலவான அளவுக்கே நிரப்பித் தருவார்கள். பல ஊர்களில் குழு கூடுவதே இல்லை என்பதால் அது கிடப்பில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் ‘குழுக் கணக்கில் இருப்பு எவ்வளவு, கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது’ என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் மீது குற்றம் சுமத்துவது போல் இருக்கக் கூடாது. பல நேரங்களில் தலைவரின் கையொப்பத்துக்கு அலைந்து ஓய்ந்தவர் அவர்தான்.

இந்தத் தொகையில் தடுப்பூசி நாளுக்கான நாற்காலிகள், குடிநீர்ப் பாத்திரம், கைகழுவும் சோப்பு, மையத்தைச் சுற்றித் தேங்கிய நீரை அகற்றும் கூலி, கொசு ஒழிப்பு, ஏழைக் குடும்பத்தின் நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அவசர வண்டிச் செலவு போன்றவற்றைச் செய்யலாம். வேறு திட்டத்தில் பணம் வரும் வேலைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் குழுத் தீர்மானமும் ரசீதும் வேண்டும்; ஆண்டு இறுதியில் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி நடக்கும் குடற்புழு நீக்க முகாமுக்கு மாத்திரை சுகாதாரத் துறையிலிருந்து வந்துவிடும். விடுபட்ட வீடுகளுக்குத் தகவல் சொல்லவும் குழந்தைகளை அழைத்துவரவும் ஆகும் சில்லறைச் செலவுக்கு இந்த நிதி ஏற்றது.

மறுத்தால்

மறுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகவே வரும். அதை எழுத்தில் கேட்பது முதல் வேலை. ‘கட்டடம் எங்களுடையது அல்ல’ என்றால் சொத்துப் பதிவேட்டின் நகலையும், ‘நிதி இல்லை’ என்றால் படிவம் 30இன் படத்தையும், ‘திட்டத்தில் இல்லை’ என்றால் தீர்மான எண்ணையும் இணைத்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், அதன் நகலை மாவட்டத்தில் ஊராட்சிகளைக் கவனிக்கும் உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும் என்பதால், பதில் வராவிட்டால் தொடர்ந்து கேட்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவைக் கடைசியாகவே வைத்துக்கொள்வது என் யோசனை. நாளைக்கும் அதே செயலரிடமும் அதே மேற்பார்வையாளரிடமும்தான் போய் நிற்க வேண்டும். சண்டை என்று ஆகிவிட்டால் வேலை நடந்தாலும் பராமரிப்பு நடக்காது.

வேலை முடிந்ததும் புகைப்படம் எடுத்து, அடுத்த கிராம சபையில் பணி முடிவுற்ற விவரத்தையும் செலவான தொகையையும் படிக்கச் சொல்லுங்கள். கழிப்பறையும் கைகழுவும் மேடையும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டனவா என்று நேரில் பாருங்கள், ஏனென்றால் பதிவேட்டில் ஏறாதவற்றுக்கு இரண்டாண்டு கழித்துப் பராமரிப்பு மதிப்பீடு கேட்கும்போது ‘இது யார் கட்டியது’ என்ற கேள்வியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.